தோற்றவன் இருக்கலாம்

உப்புவெளி பின்னுக்குப் போய்விட்டது. நிலாவெளி வீதியில் வடக்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேட்டு, ஒரு துவாய். பின்னால் வந்த பஸ் என்னைக் கண்டு வேகத்தைக் குறைத்தது. நான் கை காட்டவில்லை. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். எனக்குப் பதில் தெரியாது.

ஊர்களை விட்டுப் போவது எனக்குப் பழக்கம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு ஒரு அரிசி மில்லை, ஒரு தென்னந்தோட்டத்தை, இரண்டு ஹோட்டல் குசினிகளை, ஒரு வள்ளத்தை விட்டேன். சண்டை வந்தால் நடக்க வேண்டும், வேலை முடிந்தாலும் நடக்க வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியதுதான் நான் ஆகக் கூடுதலாக நின்று பிடித்த வேலை. என்னை அங்கே நிற்க வைத்தது உட்துறைமுக வீதியில் இருந்த ஒரு கேம் கடை. அந்தக் கடைக்காரரிடம் சொல்லாமல் வந்திருந்தேன்.

அவரை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கடையில் இரண்டு டி.வி., இரண்டு கேம் பெட்டி, நாலைந்து பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு காற்றாடி. சமாதானக் காலத்தில் பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து டிஸ்க்குகள் பஸ்ஸில் வரத் தொடங்கின. அவர் அப்போது திறந்த கடை அது. கப்பல் வராத நாட்களில் எங்களுக்கு வேலை இல்லை. அங்கே போய்க் கிடப்போம்.

கேம் கடை வைத்திருந்தாரே தவிர, அவரைப் போல மோசமாக விளையாடுகிற ஒருவரை நான் கண்டதில்லை. பெருவிரல்கள் இரண்டும் தடித்து மொத்தமாக இருக்கும். ஒரு பொத்தானை அமத்தினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமரும். பாய வேண்டிய இடத்தில் குனிவார், குனிய வேண்டிய இடத்தில் சுடுவார். ஆனால் ஒவ்வொரு புது டிஸ்க்கையும் காலையில் கடை திறக்க முன்னம் தானே போட்டு, பல முறை தோற்று, அதன் பிறகுதான் எங்களுக்குத் தருவார். தரும்போது ஒரு அபிப்பிராயம் சொல்லித்தான் தருவார்.

“தோத்துப் பாத்தால்தான் ஒரு கேமின்ரை குணம் தெரியும். வெல்லேக்கை எல்லாம் நல்ல கேம்தான்.”

கார் ஓட்டப் பந்தய கேம் ஒன்று வந்தது. எங்களுக்கு அதன் வேகம் பிடித்தது, ரயர் எரிகிற புகை பிடித்தது. அண்ணை ஒரு காலை முழுக்க வேண்டுமென்றே கடைசியாக ஓடிப் பார்த்திருந்தார்.

“இஞ்சை பாருங்கோடா. கடைசியிலை வாற காருக்கு இது களவாக் கொஞ்சம் வேகம் குடுக்குது. முன்னுக்குப் போறவனைக் கொஞ்சம் பிடிச்சு வைக்குது. ஒருத்தருக்கும் சொல்லாமல் செய்யுது.”

“அது அநியாயம் அண்ணை,” என்றான் ஒருவன். “முன்னுக்குப் போறவன் கஷ்டப்பட்டெல்லோ போறான்.”

“நீ வீட்டிலை மூத்தவன், உனக்கு விளங்காது. இதைச் செய்தவன் கட்டாயம் கடைக்குட்டி.”

கால்பந்து கேம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் நல்லது, புல் நல்லது, சனத்தின் சத்தமும் நல்லது என்று ஒத்துக்கொள்வார். கோல் வாங்கிய கோலியின் முகத்தைத் திரை முழுக்கக் காட்டுகிறார்களே, அதுதான் அவருக்கு ஆகாது. “செத்த வீட்டிலை போய்ப் படம் பிடிக்கிற மாதிரி,” என்பார். அந்த இடம் வந்தால் எழுந்து போய்க் காற்றாடியைத் திருப்பி வைப்பார்.

ஜப்பான் பாஷையில் ஒரு மீன்பிடி கேம் வந்தது. ஒரு எழுத்தும் விளங்காது. தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாம்பல்தீவிலிருந்து வருகிற ரூபன் என்ற பெடியன் அதில் ஒரு மீனும் பிடிக்கவில்லை. அவனுடைய தகப்பன், தகப்பனின் தகப்பன் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். கடையே சிரித்தது.

“வலை இல்லாமல் ஆர் மீன் பிடிக்கிறது? இது ஜப்பான்காரன்ரை விசர்,” என்றான் ரூபன்.

“மீன் தப்பினாப் பிறகு என்ன நடக்குது எண்டு பாத்தனியோ?” என்றார் அண்ணை. “ஒரு பாட்டுப் போடுது. சின்னப் பாட்டு. மீன் பிடிச்சவனுக்கு அந்தப் பாட்டு இல்லை. நான் கவனிச்சனான்.”

யுத்த கேம் ஒன்றும் இருந்தது. ஏதோ மணல் நாட்டில் ஒரு படைவீரன் நடந்துபோய்க் கண்டவர்களையெல்லாம் சுடுவான். அண்ணை அதை ஒரே ஒருநாள் விளையாடிவிட்டு மேசைக்குக் கீழே போட்டுவிட்டார்.

“விழுந்தவன் கொஞ்ச நேரத்திலை மறைஞ்சு போறான். ஆர் தூக்கினது? ஆர் தேடி வந்தது? ஒருத்தரும் தேடி வராத கேமை நான் என்ரை கையாலை போடமாட்டன். வேணுமெண்டால் நீங்களே எடுத்துப் போடுங்கோ.”

மழை நாட்களில் கடை வெறிச்சோடிக் கிடக்கும்போது நான் எடுத்துப் போடுவேன். எனக்கு அந்த கேம் பிடித்திருந்தது. சுடும்போது, பொத்தான்கள் உள்ள அந்தப் பிடி கைக்குள் அதிரும். சண்டையால் ஊர் ஊராக நடந்தவனுக்கு அந்த அதிர்வு ஏன் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. விளையாடிவிட்டு வெளியே வந்தால், வீதியில் துவக்கோடு நிற்கிற படைக்காரனின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அவனை உள்ளே சுட்டுவிட்டு வந்தது போல இருக்கும். அண்ணை பிடியை வாங்கி, ஓடிக்கொலோன் என்ற வாசனைத் தண்ணி நனைத்த பஞ்சால் பொத்தான் பொத்தானாகத் துடைத்து வைப்பார். மற்ற கேம்களுக்கு அவர் பிடியை மாலையில் ஒருமுறைதான் துடைப்பார்.

கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. இரண்டு பேர் எதிர் எதிராக நின்று அடிபடுகிற கேம்தான் எங்களுக்கு உயிர். எந்த ஊர்க் கடையிலும் வென்றவன் கதிரையில் இருப்பான், தோற்றவன் எழும்பி அடுத்தவனுக்கு இடம் கொடுப்பான். அண்ணையின் கடையில் தலைகீழ்.

“வெண்டவன் எழும்பு! தோத்தவன் இருக்கலாம்!”

இதை அவர் பஸ் கொண்டக்டர் மாதிரிச் சத்தமாகச் சொல்வார். வென்றவன் வெளியே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரிசையில் கடைசிக்கு வர வேண்டும். ஏன் அண்ணை இப்படி என்று புதிதாக வருகிறவன் கேட்பான். “வெண்டவனுக்கு இனி என்ன பழக்கம் வேணும்? அவன் காத்து வாங்கட்டும்,” என்பார்.

இந்தச் சட்டத்தால் ஆகக் கூடுதலாக வாழ்ந்தவன் ரூபன். அவன் ஐஸ் கொம்பனியில் கட்டி சுமக்கிறவன். பத்தொன்பது இருபது வயது. வேலை முடிந்து ஈரச் சாரத்தோடு வந்து இருந்தால் தோற்றுக்கொண்டே இருப்பான். தோற்கத் தோற்க அந்தக் கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. கடையிலிருந்த எல்லாரும் அவனோடு விளையாடி, வென்று, எழும்பிப் போவார்கள்.

“ரூபன் அந்தக் கதிரைக்குக் காணி மாதிரி உறுதி முடிச்சிட்டான்.”

“முடிச்சுக் கனகாலம். இப்ப வேலி அடைக்கப் போறான்.”

அவனுக்கு ரோசமே வராது. “நீங்கள் எல்லாம் வாடகைக்கு இருக்கிற ஆக்கள்,” என்பான்.

ஒருமுறை ஓட்டோ ஓடுகிற ஒருவர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்து, அவன் சந்தோசப்படட்டும் என்று வேண்டுமென்றே தோற்றார். அண்ணை இரண்டு அடியில் கண்டுபிடித்துவிட்டார். எழும்பி வந்து அவர் கையிலிருந்த பிடியை வாங்கினார். “இஞ்சை தோக்கலாம். தோத்துக் குடுக்க ஏலாது. அது களவு,” என்றார். ஓட்டோக்காரருக்கு முகம் செத்துப்போனது. பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

சமாதானம் குலையத் தொடங்கியது. யாரும் அறிவிக்கவில்லை. வீதியில் மறிப்புகள் கூடின, கடைகள் வெள்ளனப் பூட்டின. அண்ணை மட்டும் முந்தின நேரத்துக்கே பூட்டினார்.

ஒரு பின்னேரம் ரூபனோடு விளையாடி வென்றேன். அண்ணை தன் வழக்கமான சத்தத்தைப் போட்டார். நான் எழும்பி வீதியைக் கடந்து, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரரின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கோப்பையைக் கையில் வாங்கிய நேரம் துறைமுகப் பக்கமாக வெடித்தது. கண்ணாடி போத்தல்கள் எல்லாம் ஒருதரம் குலுங்கி நின்றன. நானா பலகைக் கதவை இழுத்தார்.

“உள்ளுக்கு வாங்க தம்பி. குந்துங்க. தலையக் காட்டாதீங்க.”

பலகை இடுக்கால் எதிர்க் கடை தெரிந்தது. பெடியள் பின்வேலியால் பாய்ந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ரூபனும் எழும்பினான். அண்ணை அவன் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அவன் திரும்ப இருந்தான். என்ன சொன்னார் என்று கடைசியாக ஓடியவன் பிறகு எங்களுக்குச் சொன்னான். “ஓடாதை. ஓடுறவனைத்தான் சுடுவாங்கள். நீ இரு.”

அது புத்தியில்லாத கதை அல்ல. ஓடியவர்கள் சுடப்பட்டதை அண்ணை கண்டிருக்கிறார், நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அன்று ஓடியவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

படைக்காரர் வந்தார்கள். அண்ணையின் அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ரூபனின் சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஐஸ் கட்டி சுமந்து சுமந்து அவன் வலத் தோள் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. உள்ளங்கையில் ஐஸ் கொக்கி கிழித்த பழைய தழும்பு. துவக்குத் தூக்கின தோள், கம்பியில் ஊர்ந்த கை, இவன் இயக்கத்து ஆள் என்று அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அண்ணை, “ஐஸ் கொம்பனி, ஐஸ் கொம்பனி,” என்று தன் தோளைத் தட்டிக் காட்டினார். பாரம் சுமக்கிறவன் மாதிரி குனிந்து நடந்து காட்டினார். அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு ரூபனை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

நான் இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். கையிலிருந்த தேத்தண்ணி இன்னும் சூடாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அண்ணை காலையில் கேம் விளையாடுவதில்லை. ரூபனைக் கொண்டுபோன படை முகாமின் வாசலுக்குப் போய் நிற்பார். அங்கே தாய்மாரும் மனைவிமாரும் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் இவர் ஒரு ஆம்பிளை. மகனோ என்று கேட்பார்களாம். இல்லை என்பாராம். தம்பியோ என்று கேட்பார்களாம். “என்ரை கடையிலை இருந்தவன்,” என்று சொல்வாராம். வெயில் ஏறியதும் வந்து கடையைத் திறப்பார். கொழும்பிலிருந்து புது டிஸ்க் வரும். எப்படி அண்ணை என்று கேட்போம்.

“போட்டுப் பாருங்கோ.”

அவ்வளவுதான். கார் எப்படி ஓடுகிறது, தோற்றவனுக்கு என்ன கிடைக்கிறது, ஒன்றும் சொல்ல மாட்டார். அபிப்பிராயம் இல்லாமல் வாங்கிய டிஸ்க்குகள் எங்களுக்கு ருசிக்கவில்லை. ஒருவர் இருவராகக் குறைந்தோம்.

ரூபனின் தாய் ஒருநாள் முகாமிலிருந்து நேரே கடைக்கு வந்தார். வாசலில் நின்று பார்த்தார்.

“எந்தக் கதிரை?”

அண்ணை காட்டினார். அந்த அம்மா அதில் இருந்தார்.

“இவ்வளவு நேரமும் இதிலை இருந்து என்ன செய்வான்?”

“தோப்பான் அம்மா.”

“வீட்டிலையும் அப்பிடித்தான்,” என்றார் அவர். தாயக்கட்டை விளையாடினாலும் தங்கச்சியிடம் தோற்பானாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அண்ணை மட்டும் காற்றாடியைத் திருப்பப் போனார்.

மூன்று மாதத்துக்கு மேல் போயிருக்கும், ரூபனை விட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. ஐஸ் கொம்பனி அவனைத் திரும்ப எடுத்தது. கட்டி தூக்க ஏலாது என்று வாசலில் நிற்க விட்டார்கள். சைக்கிளில் வருவான், போவான். கடைப் பக்கம் வரவில்லை. அண்ணை ஆள் மேல் ஆள் விட்டுக் கூப்பிட்டார். கடைசியில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான்.

அன்று காலை அண்ணை நான் தங்கியிருந்த அறைக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை.

“பின்னேரம் ரூபன் வாறான். நீ அவனோடை விளையாடு.”

“சரி அண்ணை.”

போகாமல் நின்றார். கதவுச் சட்டத்தை நகத்தால் சுரண்டினார்.

“தோத்துப்போ.”

பகிடி என்று நினைத்தேன். “நீங்களோ சொல்லுறீங்கள்?”

“ஓம், நான்தான் சொல்லுறன். அவன் ஒருக்கா வெண்டு, எழும்பி, அந்தக் கதவாலை வெளியிலை போறதை நான் பாக்கவேணும். நான் நித்திரை கொண்டு எத்தினை நாள் தெரியுமோ?”

சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு வென்று வெளியே போனவன் நான். ஒரு ஆட்டம் நான் அவனுக்குத் தரவேண்டியவன் போல இருந்தது.

ரூபன் வந்தான். மெலிந்திருந்தான், மயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கதவோரம் நின்ற இரண்டு பேர் அவன் வந்த நேரம் தொடக்கம் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகாமிலிருந்து வந்தவனுக்குப் பின்னால் யாராவது வருவார்கள் என்ற பயம். நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவன் தன் பழைய கதிரையில் இருந்து, பிடியை மடியில் வைத்து, மடங்காத விரல்களுக்குப் பதிலாக நடுவிரலால் பொத்தானைத் தேடினான்.

தோற்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். ஒருவன் மெதுவாகத் தேடித் தேடி அடிக்கும்போது, அந்த அடிக்கு விழ வேண்டிய நேரத்தைப் பார்த்து விழுவது பெரிய கஷ்டம். இரண்டு முறை பிந்தி விழுந்தேன். ஒருமுறை முந்தி விழுந்தேன். மூன்றாவது சுற்றில் என் ஆள் தரையில் கிடந்தான். ரூபனின் ஆள் கைகளை உயர்த்தினான்.

அண்ணை அடக்க ஏலாமல் கத்தினார். “வெண்டவன் எழும்பு!”

அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கனகாலம். பெடியள் கை தட்டினார்கள். ரூபன் எழும்பவில்லை. என்னைப் பார்த்தான்.

“நீ ஒருநாளும் அந்த அடிக்கு விழமாட்டாய்.”

பிறகு அண்ணையைப் பார்த்தான். “நீங்கள்தானே இவனைத் தோக்கச் சொன்னது?”

அண்ணை வாயைத் திறந்தார். பொய் வரவில்லை.

“உள்ளுக்கு இருந்து வந்தவன் கடையிலை இருந்தால் கடைக்குக் கூடாது எண்டு நேரை சொல்லியிருக்கலாமே அண்ணை,” என்றான் ரூபன். “என்னை எழுப்பிறதுக்கு இவ்வளவு வேலை வேணுமோ?”

“ஐயோ, இல்லையடா ராசா, நான் அதுக்கில்லை…”

“பறவாயில்லை. எனக்கு விளங்குது. எங்கடை ஒழுங்கையிலையும் இப்ப ஒருத்தரும் கனநேரம் நிண்டு கதைக்கிறதில்லை.”

பிடியை மேசையில் வைத்தான். இடது கையைக் கதிரையில் ஊன்றி எழும்பினான். அண்ணை பார்க்க ஆசைப்பட்ட மாதிரியே அந்தக் கதவால் வெளியே போனான். சைக்கிளை எடுத்தான். ஒருவரும் பின்னால் போய் மறிக்கவில்லை.

அவன் நினைத்தது பிழை என்று எனக்குத் தெரியும். காலையில் அண்ணை என்ன சொன்னார் என்று கேட்டவன் நான் ஒருவன்தான். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கடைக்குள் இருந்த அவ்வளவு நேரமும் வீதியைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். நான் போய் என்ன சொன்னாலும் பாதிதான் உண்மையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைப் பக்கமாக வந்தேன், சொல்லிவிட்டுப் போவதற்கு. கதவு பாதி திறந்திருந்தது. அண்ணை உள்ளே தனியாக இருந்து ஏதோ புது கேம் விளையாடிக்கொண்டிருந்தார். தோற்றார். திரும்ப விளையாடுகிறாயா, இல்லையா என்று திரையில் கேட்டுக்கொண்டு நின்றது. அவர் எதையும் அமத்தவில்லை. மொத்தப் பெருவிரல்கள் இரண்டும் பிடியின் மேல் அப்படியே கிடந்தன. நான் கூப்பிடவில்லை. வடக்குப் பார்த்து நடக்கத் தொடங்கினேன்.

சாம்பல்தீவு வந்தது. ரூபனின் வீட்டு ஒழுங்கை எனக்குத் தெரியும். முன்னர் ஒருமுறை சூடை மீன் சொதி சாப்பிட அங்கே போயிருக்கிறேன். ஒழுங்கை முகப்பில் நின்று செருப்புக்குள் போன மணலைத் தட்டினேன். மணல் போன பிறகும் கொஞ்ச நேரம் தட்டினேன். பிறகு நேரே நடந்தேன்.

நிலாவெளியில் ஒரு மீன்வாடியில் படுக்க இடம் கிடைத்தது. விடிந்ததும் சந்தியில் ஒரு டிராக்டர் கூலிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஆள் பிடிக்கிற கொந்தராத்துக்காரர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், ஏறச் சொன்னார். டிராக்டர் வெளிக்கிட்ட பிறகுதான் என்ன வேலை என்று கேட்டேன்.

“மண் மூட்டை கட்டுறது. ஆமிக்காரர் புதுச் சென்றி, காவலரண் ஒண்டு போடுகினம்.”

“எவடத்திலை?”

“சாம்பல்தீவிலை. பட்டினத்துக்குப் போற பாதையிலை.”

குதித்திருக்கலாம், டிராக்டர் வேகமாக ஓடவில்லை. முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் சாப்பிட்டிருக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தேன்.

மண்வெட்டி தந்தார்கள், ஒரு கட்டுச் சாக்கு தந்தார்கள். நான் வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து மண் அள்ளினேன். பட்டினத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக எனக்குப் பின்னால் வந்து, இறங்கி, உருட்டிக்கொண்டு போயின. ஐஸ் கொம்பனிக்குப் போகிறவர்களும் அந்த நேரத்துக்குத்தான் போவார்கள். நான் நிமிரவில்லை.

“வாயை இறுக்கிக் கட்டு. மழைக்குக் கரையக் கூடாது,” என்றார் கொந்தராத்துக்காரர்.

இறுக்கிக் கட்டினேன்.